வெளுத்ததெல்லாம் மோர்

அத்தியாயம் பதினான்கு

எண்ணெய் பாட்டிலில் தான் போட்டிருந்த கறுப்பு மைக்கோட்டை மருமகள் பார்த்துவிட்டாள் என்பது காலைக் காபியிலேயே வால்டருக்குத் தெரிந்துவிட்டது.

காபியில் ஒரு குறையும் இல்லை. சர்க்கரை இல்லாமல், ஆடை எடுத்த பாலில், அவருக்குப் பிடித்த கண்ணாடித் தம்ளரில்தான் வந்தது. ஆனால் "மாமா, காபி" என்ற இரண்டு சொல் கூட வரவில்லை. தம்ளர் மேசைமேல் வைக்கப்பட்டது. வைத்தவள் போய்விட்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜொவிட்டா அந்த இரண்டு சொல்லை விட்டதில்லை.

வால்டர் செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். தான் செய்தது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்தவர். பெட்டிமேல் பொம்மை என்று எழுதியிருந்தால் உள்ளே கைக்கடிகாரம் இருக்கும், மருந்து என்று எழுதியிருந்தால் வாசனைத் திரவியம் இருக்கும். 'லேபிளை நம்பாதே, பெட்டியைத் திற' என்று கீழே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். கப்பலில் வந்த ஒரு சோப்புக் கட்டியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத கை அது. சாந்தோம் தேவாலயப் பங்கில் 'வால்டர் சார் வீடு' என்றால் ஒரு மரியாதை உண்டு. அந்த மரியாதை தானாக வந்ததல்ல, பார்த்துப் பார்த்துக் காத்தது.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் போன வாரம் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்து விழுந்தது.

தவக்காலத்தில் கறியும் மீனும் விட்ட மனிதர், ஈஸ்டர் முடிந்தும் தவத்தை விடவில்லை. வஞ்சிரம் வறுவல் போயிற்று. தேங்காய்ப்பால் குழம்பு போயிற்று. ராத்திரியில் வெறும் பச்சைக் காய்கறி: வெள்ளரி, கேரட், முட்டைகோஸ், மேலே மோர். பங்கு மக்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் பெல்ட்டோ ஓட்டை ஓட்டையாகப் பின்வாங்கிக்கொண்டே போனது. எடை கூடியிருந்தது, ரத்தத்தில் கொழுப்பு அதைவிடக் கூடியிருந்தது. டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, கொழுப்பு எங்கிருந்தோ உள்ளே வருகிறது சார் என்றார்.

எங்கிருந்தோ உள்ளே வருகிறது. மற்றவர்கள் காதில் அது வைத்தியம். வால்டர் காதில் அது கடத்தல்.

கடத்தல் என்றால் வழி வேண்டும். பள்ளிக்கு வேலைக்குப் போகுமுன் மத்தியானச் சமையலைச் செய்து வைப்பது ஜொவிட்டா. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அவர் பெயர் சொல்லாமல் பொதுவாகத்தான் பேசினார், இந்த வீட்டில் ஏதோ மறைவாக நடக்கிறது என்று. மறுநாள் எண்ணெய் பாட்டிலின் பின்பக்கத்தில், சட்டென்று கண்ணில் படாதபடி, எண்ணெய் நின்ற மட்டத்தில் கோடு போட்டார்.

"என்னங்க." மனைவி ஆலிஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். இன்றைக்கு மகன் அஸ்வின் அடையாறில் ஒரு வீடு பார்க்கப் போகிறான் என்று தணிந்த குரலில் சொன்னாள்.

"யாருக்கு?"

"அவங்களுக்குத்தான்."

செய்தித்தாள் அசையவில்லை. வால்டரின் அப்பா இருந்த வீடு இது. வால்டர் பிறந்த வீடு. மகன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போனான் என்ற பேச்சை இந்த வாசல் கேட்டதே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாலு பேராகப் போன பெஞ்சில் நாளை இரண்டு பேராக உட்கார்ந்தால், பின்னால் இருக்கிற பெஞ்சு முழுக்கக் கழுத்தை நீட்டிக் கேட்கும்.

போகிறவர்கள் போகட்டும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். சொன்ன குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

அன்று அவருக்கு ராயப்பேட்டையில் ஒரு வேலை இருந்தது. டாக்டர் அவரை உணவு ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பியிருந்தார். போகும்போது சாப்பிடுகிற பொருள்களையெல்லாம் அவற்றின் பாட்டிலோடும் பொட்டலத்தோடும் எடுத்துப் போகவேண்டும். சமைக்கிறவரையும் கூட்டிப் போகவேண்டும்.

இரண்டாவது நிபந்தனை வால்டருக்கு நிரம்பப் பிடித்திருந்தது. ஒரு அந்நிய மனுஷி, படித்தவள், நடுநிலையானவள். அவள் வாயாலேயே உண்மை வரட்டும். கோடு போட்ட எண்ணெய் பாட்டில், மசாலாப் பொட்டலங்கள், ஊறுகாய், தக்காளி சாஸ் எல்லாவற்றையும் பறிமுதல் செய்த சரக்குபோலப் பையில் அடுக்கினார். ஆலிஸ் குளிர்பெட்டியைத் திறந்து வெள்ளை பாட்டில் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இது எதுக்கு? இது மோரு."

"சாப்புடறது எல்லாம்னு சொன்னாங்கல்ல? இருக்கட்டும்."

அந்த பாட்டில் அஸ்வின் வாங்கி வந்தது. அபிராமபுரத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றில் வாராவாரம் பெரிய பாட்டிலாக வாங்குவான். பெரிய எழுத்தில் 'பட்டர்மில்க்' என்றும் அதன் கீழே 'ராஞ்ச்' என்றும் போட்டிருக்கும். பட்டர்மில்க் என்றால் மோர் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ராஞ்ச் என்பது ராஞ்சி என்று ஆலிஸ் நினைத்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால்தான் இவ்வளவு கெட்டியாக உறைய வைக்கிறார்கள் போல என்று ஒரு விளக்கமும் வைத்திருந்தாள்.

தெருமுனை ஆட்டோ மெஹபூப் அலியுடையது. வால்டர் ஓரமாக நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் பை. மறுபக்கம் ஜொவிட்டா. எண்ணெய் பாட்டில் கவிழ்ந்துவிடும் என்று அதை மட்டும் எடுத்து மடியில் நிறுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை விடுமுறை.

லஸ் முனைச் சிக்னலில் நின்றபோது மெஹபூப் அலி கண்ணாடியில் பார்த்தார். "பாட்டில்ல இன்னா சார் கோடு போட்டு கீது?"

வால்டர் ரோட்டைப் பார்த்தார். மெஹபூப் அலியே தொடர்ந்தார்.

"எங்க நைனாவும் இப்டித்தான் சார் போட்டு வெப்பாரு. பிராந்தி பாட்டில்ல. நாங்க எடுத்துக் குட்சிடுவோம்னு."

சிக்னல் விழுந்தது. வால்டரின் காது மடல் சிவந்துபோயிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தார். ஜொவிட்டா கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஆலோசகர் ஜமீலுன்னிசாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் இளநீலத் துணி, பேச்சில் சிரிப்பு, கண்ணில் மட்டும் சிரிப்பில்லாத கவனம். பொருள்களை மேசைமேல் வரிசையாக வைக்கச் சொன்னார். முதலில் எண்ணெய் பாட்டிலைத்தான் எடுத்தார். அதைத்தான் வால்டரும் எதிர்பார்த்தார்.

"கோடு போட்டு அளந்து பயன்படுத்தறீங்களா? நல்ல பழக்கமாச்சே. யாரோட யோசனை?"

வால்டர் ஜொவிட்டாவைப் பார்த்தார். இதோ, இப்போது சொல்லப் போகிறாள். ஒரு அந்நிய மனுஷியின் முன்னால், எங்க மாமனார் என்னைத் திருடி என்று நினைத்துப் போட்டது என்று சொல்லப் போகிறாள். சொன்னால் மறுக்க வழியில்லை.

"மாமாதான் மேடம்," என்றாள் ஜொவிட்டா. "அளவு தெரியட்டும்னு போட்டுக் குடுத்தாரு."

அவள் முகத்தில் குத்தல் இல்லை, கேலி இல்லை. வீட்டு விஷயத்தை வெளியில் விடாத முகம் அது. அந்த முகத்தை வால்டர் தன் தாயிடம் பார்த்திருக்கிறார். தம்முடைய கண்ணாடியிலும் பார்த்திருக்கிறார். மருமகளிடம் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

ஜமீலுன்னிசா கோடு போட்ட நாளைக் கேட்டார், கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்த எண்ணெயைப் பார்த்தார், நாலு பேருக்குப் பங்கிட்டார். இதைவிடக் குறைத்துச் சமைத்தால் குழம்பு சட்டியில் ஒட்டிக்கொள்ளும் என்றார். தக்காளி சாஸை எடுத்து, இது தினமும் உண்டா என்று கேட்டார். சாயங்கால ரொட்டிக்கு உண்டு என்று வால்டர் ஒப்புக்கொண்டார். ஒரு மேசைக்கரண்டி சாஸில் ஒரு டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது என்றதும் திடுக்கிட்டார். காபிக்குச் சர்க்கரை விட்ட வைராக்கியம் ரொட்டி வழியாகக் கரைந்துபோயிருக்கிறது. ஊறுகாயில் மிதக்கிற எண்ணெயும் உப்பும் தனிக் கணக்கு என்றார்.

கடைசியாக வெள்ளை பாட்டில். முன்பக்கத்தைப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தார். மறுபடி முன்பக்கத்தைப் பார்த்தார்.

"இது யாரு சாப்பிடறது?"

"நான்தான். மோர்," என்றார் வால்டர்.

"எவ்வளவு ஊத்துவீங்க சார்?"

"மோர்தானே. தாராளமா."

ஒரு கண்ணாடிக் கப்பை அவர் முன்னால் நகர்த்தி, வழக்கமாக ஊற்றுவதுபோல ஊற்றிக் காட்டச் சொன்னார். வால்டர் பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கினார். அரைக் கப் நிறைந்தது. ஒளிக்க ஏதும் இல்லாதவனின் நிதானத்தோடு ஊற்றினார்.

ஜமீலுன்னிசா இன்னொரு கப்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஜொவிட்டாவின் எண்ணெய் பாட்டிலைத் திறந்து ஒரு மேசைக்கரண்டி ஊற்றினார். இன்னொன்று ஊற்றினார். மூன்றாவது. வால்டர் எதற்கு இது என்பதுபோலப் பார்த்தார். நாலாவது கரண்டி விளிம்புக்குக் கொஞ்சம் குறைய விழுந்தது.

"நீங்க ஊத்தின அந்த அரைக் கப்புல இருக்கற எண்ணெய் இது, சார்."

வால்டர் இரண்டு கப்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்று வெள்ளை, ஒன்று பொன்னிறம். பொன்னிறத்தில் வெளிச்சம் பட்டு அசைந்தது.

"மோர்ல ஏதும்மா எண்ணெய்?"

மோர் இருக்கிறது, ஆனால் பெயருக்கு இருக்கிறது என்றார் அந்தப் பெண். லேபிளில் எது அதிகமோ அது முதலில் வரும். முதலில் எண்ணெய். அப்புறம் தண்ணீர். அப்புறம் முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, உப்பு. அதற்கும் கீழேதான் மோர், அதுவும் பொடியாக. நம் ஊரில் மோர் என்றால் வெண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவது. இதில் மோர் சுவைக்கு மட்டும்; வெண்மையோ, எண்ணெயும் முட்டையும் சேர்த்துக் கடைந்ததில் வருவது. வெளிநாட்டில் ராஞ்ச் என்பது காய்கறிமேல் ஓரிரு கரண்டி ஊற்றுகிற சாஸ்; அங்கே யாரும் இதைக் கப்பால் அளப்பதில்லை. இரண்டு கரண்டிக்கு நூற்றி முப்பது கலோரி, பதிமூன்று கிராம் கொழுப்பு. மயோனைஸ் என்பதும் இதற்கு அண்ணன் முறைதான்.

"நீங்க எட்டுக் கரண்டி ஊத்தியிருக்கீங்க. ஐநூத்தி இருபது. உங்க வீட்டு நீர்மோர் இதே அளவு ஊத்தியிருந்தா இருபதுகூட வராது."

"காய்கறிதானேம்மா சாப்பிட்டேன்."

"காய்கறி ஒண்ணும் பண்ணல சார். ரெண்டு துண்டு வஞ்சிரம் வறுத்துச் சாப்பிட்டிருந்தாக்கூட இவ்வளவு ஏறியிருக்காது."

வால்டர் கை நீட்டினார். பாட்டிலைக் கையில் வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணருகே கொண்டுபோனார். எல்லாம் எழுதியிருந்தது. பொடி எழுத்தானாலும் ஒளிக்காமல் எழுதியிருந்தது. கப்பல் கப்பலாக வந்த சரக்கில் இதைவிடப் பொடி எழுத்தைப் படித்துப் பெரிய மனிதர்களைத் தலைகுனிய வைத்த கண் அது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை எத்தனை முறை ஏளனம் செய்திருக்கிறார். அவரே வெளுத்ததெல்லாம் மோர் என்று நம்பி, ராத்திரிக்கு ராத்திரி எண்ணெய் குடித்திருக்கிறார்.

ஏன் திருப்பிப் பார்க்கவில்லை? கேள்வி வந்தவுடன் பதிலும் வந்தது. பெற்ற பிள்ளை கொண்டுவந்த பாட்டிலை யார் சோதிப்பார்கள்? வந்தவள் கைப்பட்ட பாட்டிலுக்குத்தானே கோடு.

வெளியே நிழலில் இருந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மெஹபூப் அலி டீ குடிக்கப் போயிருந்தார். ஜொவிட்டா பையின் வாயைச் சுருக்கிக் கட்டினாள். சிரித்திருக்கலாம். ஒரு பார்வை பார்த்திருக்கலாம். வால்டர் அதற்குத் தயாராக முதுகை நிமிர்த்தியே வைத்திருந்தார். அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

வாங்கிக் குடித்தார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உனக்குத் தெரியுமா, இது இப்படின்னு?"

ஜொவிட்டா பையின் முடிச்சை மறுபடி இறுக்கினாள்.

"வாங்க ஆரம்பிச்ச ரெண்டாவது மாசமே படிச்சேன், மாமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவர்கிட்ட சொன்னேன். டாடிகிட்ட நீ சொன்னா சண்டை வரும், நானே சொல்லிக்கறேன்னாரு." தண்ணீர் பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடினாள். "ரிப்போர்ட் வந்தப்போ சொல்லிடுவாருன்னு பாத்தேன். அன்னிக்கும் சொல்லல."

"அன்னிக்காவது நீ வாயத் தொறந்திருக்கலாமே."

"நீங்க எங்க கேட்டீங்க மாமா? கோடுதானே போட்டீங்க."

ஒரு பேருந்து போனது. வால்டர் முகத்தில் விழுந்த தூசியைத் துடைத்துக்கொண்டார்.

போன வார மேசை அவர் கண்முன்னால் வந்தது. 'ஏதோ மறைவாக நடக்கிறது' என்று அவர் சொன்னபோது ஜொவிட்டா தட்டைப் பார்த்தாள். ஆலிஸ் ஜொவிட்டாவைப் பார்த்தாள். அஸ்வின் கைப்பேசியைப் பார்த்தான். தெரிந்தே பார்த்தான். கட்டிய பெண்டாட்டிமேல் பழி விழுந்து கிடக்கிறது, அதை ஒரு வார்த்தையில் எடுக்கிற சாவி தன் வாயில் இருக்கிறது என்று தெரிந்தே கைப்பேசியைப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் அடையாறு வீட்டுப் பேச்சை எடுத்திருக்கிறான்.

சோறு போட்டு வளர்த்த வீட்டில் இப்படி ஒன்றா? எண்ணெய் கப்பைப் பார்த்தபோது விழுந்த அடி ஒரு அடி. இது வேறு. இது எலும்பில் விழுந்தது.

"அடையாறு வீடு..." என்று ஆரம்பித்தார்.

"நான் கேக்கல மாமா," என்றாள் ஜொவிட்டா. "எனக்கு ஸ்கூல் இங்க இருக்கு. அத்தைக்கு முட்டி வலி. நான் எதுக்குக் கேக்கப்போறேன்? இங்க உனக்கு மரியாதையில்ல, வா போயிடலாம்னு அவர்தான் சொல்றாரு." எழுந்து நின்றாள். "கோட்டைப் பாத்ததுக்கப்புறம் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

மெஹபூப் அலி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். திரும்பும்போது எண்ணெய் பாட்டிலை வால்டர் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆலிஸ் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லாமல் நேரே சமையலறைக்குப் போனார். அந்த வீட்டில் அவர் சமையலறைக்குள் போனது கோடு போட்ட அன்றும் காலையில் பையை அடுக்கும்போதும்தான்; இது மூன்றாவது தடவை. துணியை நனைத்துக் கோட்டைத் தேய்த்தார். போகவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்தார். சரக்குப் பெட்டிகளில் குறி போட வைத்திருந்த பேனா அது, கடல் தண்ணீர் பட்டாலும் அழியாத மை. நகத்தால் சுரண்டினார். விரல் கறுத்ததுதான் மிச்சம்.

வாசற்படியில் ஜொவிட்டா நின்றிருந்தாள்.

"போகாது, மாமா. நான் தேய்ச்சுப் பாத்துட்டேன்."

அவர் கை அப்படியே நின்றது. அவளும் இதே இடத்தில், இதே துணியோடு, யாரும் பார்க்குமுன் அழித்துவிடலாம் என்று நின்றிருக்கிறாள். அவள் அழிக்க முயன்றது அவளுடைய அவமானத்தையா, தம்முடைய சிறுமையையா என்று அவருக்குப் புரிய நேரமாயிற்று. இரண்டையும்தான்.

"ஆலிஸ்," என்று கூப்பிட்டார். மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வால்டர் நிமிர்ந்து நின்றார். ஈரத் துணி கையிலேயே இருந்தது. "இந்தக் கோட்டைப் போட்டது நான். இந்தப் பொண்ணு மேல சந்தேகப்பட்டுப் போட்டேன். அவ மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என் மேல. இத நீயும் கேட்டுக்கோ."

ஆலிஸ் திகைத்து நின்றாள். இத்தனை வருஷத்தில் 'தப்பு என் மேல' என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

ஜொவிட்டா பதில் சொல்லுமுன் வாசலில் பைக் நின்ற சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றும் சத்தம். அஸ்வின் விசிலடித்துக்கொண்டே உள்ளே வந்தான். ஒரு கையின் விரலில் புதுச் சாவிக்கொத்து தொங்கியது. இன்னொரு கையில் அபிராமபுரத்துக் கடையின் காகிதப் பை.

"அட்வான்ஸ் குடுத்துட்டேன் ஜோ. அருமையான வீடு," என்றான். பையிலிருந்து வெள்ளை பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தான். "டாடி, உங்க மோர் தீரப்போகுதுன்னு மம்மி சொன்னாங்க. வாங்கிட்டேன்."

அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் மனைவியின் முகத்தைப் பார்த்தபோது சாவிக்கொத்தின் ஆட்டம் நின்றது.

வால்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். புது பாட்டிலை எடுத்து, பின்பக்கம் மகனைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார்.

"உக்காரு. படி."

"என்ன டாடி?"

"என்ன எழுதியிருக்குதோ அத. உன் பொண்டாட்டிக்குக் கேக்கற மாதிரி, சத்தமாப் படி."